கதவு, எருமை, மாம்பழம்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

டீக்கடைக்காரர் இன்றும் சர்க்கரை போட்டுக் கொடுத்துவிட்டார். சேலத்துக்கு வந்த பத்தொன்பது வருடமாக வேண்டாம் என்று சொல்கிறேன். மறதி நோயை ஆராய்ச்சி செய்கிறவளுக்கு வாய்க்கிற டீக்கடையைப் பார்.

பன்னிரண்டாம் மாத முடிவு வந்துவிட்டது. பரமத்தி வேலூர்ப் பக்கம், காவேரிக்கரையில் நான்கு ஊர். அறுபத்தைந்தைத் தாண்டிய இருநூற்றுப் பதினான்கு பேர். போன ஜனவரியில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை, இந்த ஜனவரியில் ஒரு தடவை, அதே முப்பது மார்க் கேள்வித்தாள். என்ன மாதம், என்ன கிழமை, எந்த மாவட்டம், இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழி, நான் சொல்கிற மூன்று சொல்லை ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல். கதவு, எருமை, மாம்பழம். நடுவில் வாரம் இரண்டு நாள் சமுதாயக்கூடத்தில் ஞாபகப் பயிற்சி: தாயம், புள்ளிக்கோலம், பழைய பாட்டு. இன்று பார்த்தால் சராசரி நான்கரை மார்க் ஏறியிருக்கிறது. இறங்காமல் நின்றாலே ஆச்சரியம் என்கிற வயதில் ஏறியிருக்கிறது!

அனிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் ஆராய்ச்சி மாணவி, மேட்டூர்க்காரி, இந்த நான்கு ஊரிலும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் அவள்தான். "நல்லா இருக்குங்க மேடம்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சந்தோஷப்படவும் தனியாகப் பயிற்சி வைக்க வேண்டும் போல.

மார்ச்சில் டெல்லியிலிருந்து குழு வருகிறது. மறதி நோய் ஆராய்ச்சிக்கு இளம் ஆட்களைத் தயார் செய்யும் பயிற்சி மையம் இங்கா, வேறு ஊரிலா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கிடைத்தால் ஐந்து பேருக்கு ஐந்து வருடம். முதல் இடம் அனிதாவுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை ஏழு பேரை உருவாக்கினேன். இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருத்தன் திருச்செங்கோட்டில் மாமனாரின் போர்வெல் ரிக் லாரிகளை மேய்க்கிறான். மற்றவர்கள் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். ஒருத்தர்கூட இந்தத் துறையில், இந்த மண்ணில் இல்லை. இந்தத் தடவை விடமாட்டேன்.

பிப்ரவரி 6

கல்லூரித் துணைமுதல்வர் கைகுலுக்கினார். போன வருடம் என் அறையைப் பிடுங்கி ஸ்டோர் ரூம் ஆக்கப் பார்த்த அதே கை.

பிப்ரவரி 12, புதன்

அனிதா ஒரு தாளோடு வந்தாள். முதல் தடவை எந்த மாவட்டம் என்று கேட்டபோது அறுபத்தொரு பேர் சேலம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாமக்கல் தனி மாவட்டமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது, ஆனாலும் அந்த வயதுக்காரர்களுக்கு அது சேலம் ஜில்லாதான். கேள்வித்தாள்படி தப்பு. இந்த ஜனவரியில் சேலம் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

அதுதானே முன்னேற்றம் என்றேன்.

"ஒருத்தருமா மேடம்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சந்தேகப்படுவதும் ஒரு நோய், அதற்கும் முப்பது மார்க்கில் ஒரு தாள் தயார் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். அறுபத்தொன்று. பூஜ்யம்.

பிப்ரவரி 15, சனி

எழுதிவிடுகிறேன்.

அனிதா என்னிடம் சொல்லாமல் ஊருக்குப் போயிருக்கிறாள். வெற்றிலை அடுக்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. கொடிக்காலில் கிள்ளி வந்த வெற்றிலையை எண்ணி, நூறு நூறாகக் கவுளி கட்டும் இடம். நான்கு ஊர்ப் பெண்களும் வேலைக்கு வருவது அங்கேதான், கிழவிகள் உட்பட. உள்ளே சத்தம் கேட்டு வாசலில் நின்றிருக்கிறாள். எங்கள் பட்டியலில் இருக்கும் அங்காளம்மாள் கேட்கிறார், மற்றவர்கள் கோரஸாகச் சொல்கிறார்கள். கை அதுபாட்டுக்கு இலையை அடுக்குகிறது. என்ன மாசம்? தை மாசம். என்ன கெழம? புதன். எந்த ஜில்லா? நாமக்கல் ஜில்லா. மூணு வார்த்த? கதவு, எருமை, மாம்பழம். பதினேழு, பதினாலு, பதினொண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு. பரீட்சை முடிந்து மூன்று வாரமாகியும் விடவில்லை, வாய்க்குப் பழகிப்போயிற்று.

ஏன் இப்படி என்று கேட்டதற்கு அங்காளம்மாள் சொன்னதை அனிதா அப்படியே சொன்னாள். "உனக்குப் பரீச்சைதான சாமி? நாங்க தப்பாச் சொன்னா உனக்கல்லோ மார்க்கு போயிரும். வெயில்ல அலையற புள்ள. அதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டேன். ஊட்டுல ஆம்பளைகளுக்கும் சொல்லியாச்சு."

ஒரு வருடமாகவே நடக்கிறது. முதல் தடவை நாங்கள் கேட்டுவிட்டுப் போன மறுவாரமே, பேரப் பிள்ளைகளிடம் சரியான பதிலைக் கேட்டு வைத்துக்கொண்டு, தொடங்கிவிட்டார்கள். புள்ளை கையில் தாள் வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு மார்க் போடுகிறாள். மார்க் யாருக்கு? புள்ளைக்குத்தான். அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

சிரிப்பு வந்தது. சிரித்தேன். அனிதா அழுதாள்.

பிப்ரவரி 17, திங்கள்

சண்டை.

அவள் சொல்வது இது: குழு வருவதற்குள் நாற்பது பேருக்குப் புதிய சொற்களை வைத்து மறுபடி பார்க்க வேண்டும். மார்க் விழுந்தால் விழுந்ததைச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னது: கட்டுரையில் குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்க்கலாம், குழுவுக்கு முன்னால் வேண்டாம்.

முதல் மாதமே, ஒவ்வொரு தடவையும் சொற்களை மாற்றலாமா என்று கேட்டேனே மேடம் என்றாள். கேட்டாள்தான். அளக்கிற ஸ்கேலை மாற்றினால் வளர்ந்தது பிள்ளையா ஸ்கேலா என்று எப்படித் தெரியும் என்று நான் பதில் சொன்னேன். அன்றைக்கு அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. இரண்டு கருத்தரங்குகளில்கூடச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். சொற்களை மாற்றிக் கேட்பதுதான் முறை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். புதிய தாள்களைத் தயாரித்துச் சரிபார்க்க ஆறு மாதம் ஆகும், அதற்குப் பொறுமை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று சொன்னாள். பட்டியலில் மயிலம்மாள் என்று ஒரு கிழவி, அவருக்கு முதலில் பதினேழு மார்க், இப்போது இருபத்தாறு. ஆனால் போன மாதம் பரீட்சை முடிந்ததும் அந்த அம்மா, செத்துப்போன வீட்டுக்காரர் சந்தையிலிருந்து வந்துவிட்டாரா என்று மூன்று தடவை கேட்டாராம். அதைக் குறிப்பில் எழுதியிருப்பதாகச் சொன்னாள். குறிப்பை யார் படிக்கிறார்கள்? நான் மார்க்கைத்தான் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு மகன் செல்லமுத்துவை நானே கூப்பிட்டு, உங்கம்மாவுக்குப் பயமில்லை, நல்ல முன்னேற்றம் என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

கடைசியில் கோபத்தில் சொன்னேன்: "நீ சின்னப் பொண்ணு. ஒரு இடம் உருவாகறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது." அவள் போன பிறகுதான் உறைத்தது. பெங்களூரில் என் வழிகாட்டி என்னிடம் சொன்ன அதே வாக்கியம். அன்றைக்கு ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவள் எங்கே போய் அழுதாளோ.

பிப்ரவரி 20

அனிதாவிடமிருந்து குட்மார்னிங் மட்டும்.

மார்ச் 3, திங்கள்

குழு வந்தது. மூன்று பேர். சேலத்து மாம்பழம் எப்போது கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். மே மாதம் என்றேன், மனசுக்குள் கதவு, எருமை என்று ஓடியது.

நன்றாகப் பேசினேன். வெட்கமில்லாமல் நன்றாகப் பேசினேன். மயிலம்மாளின் படத்தைத் திரையில் போட்டு, பதினேழிலிருந்து இருபத்தாறு என்றேன். குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் நல்லவர், கூர்மையானவர். கடைசியில் என்னை விட்டுவிட்டு அனிதாவைப் பார்த்துக் கேட்டார். களத்தில் நின்றவள் நீதானே, எதிர்பாராதது ஏதாவது நடந்ததா?

அனிதா என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் இருக்கும். நான் கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சினேனா, மிரட்டினேனா, எனக்கே தெரியாது.

சில பேர் வேலைக்குப் போய்விட்டதால் இரண்டாம் தடவை போக வேண்டியிருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை.

அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதித்தான் ஆக வேண்டும். என் பிள்ளை தேறிவிட்டாள் என்று ஒரு பெருமை.

மார்ச் 21, வெள்ளி

மையம் சேலத்துக்கு. அனிதாவுக்கு முதல் இடம். துறையில் லட்டு கொடுத்தார்கள். அவள் லட்டை டிஷ்யூவில் சுற்றி மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எறும்பு ஏறிவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

செல்லமுத்து போன் செய்தார். நேற்று மத்தியானத்திலிருந்து மயிலம்மாளைக் காணோம். பரமத்தி போலீஸில் சொல்லியிருக்கிறார். ஆற்றோரம் முழுக்கத் தேடிவிட்டார்கள். "எங்கீங்க போயிருப்பாங்க?" என்று என்னைக் கேட்டார். நான் டாக்டரம்மா அல்லவா, எனக்குத் தெரிந்திருக்கும்.

அனிதா அடுத்த பஸ்ஸில் கிளம்பிப் போனாள். எனக்கு மையத்துக்கான ஃபர்னிச்சர் கூட்டம். போனேன். கூட்டத்துக்குத்தான் போனேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கிடைத்துவிட்டார். உயிரோடு. கரூர் பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பறை சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார். மூன்று நாளாகச் சோறு தண்ணி உண்டோ இல்லையோ. பெண் போலீஸ் ஒருவர் பேர் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. மகன் பேரும் தெரியவில்லை. எந்த ஊர் என்றால் ஊரும் தெரியவில்லை. எந்த ஜில்லா என்று கேட்டதற்கு மட்டும் டக்கென்று நாமக்கல் ஜில்லா என்றாராம். அதை வைத்து நாமக்கல் போலீஸுக்குப் போன் போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

அங்காளம்மாள் சொல்லிக் கொடுத்தது. நான் தப்பு என்று மார்க் போட்டதால் சொல்லிக் கொடுத்தது. பழையபடி சேலம் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்னும் அங்கேயே கிடந்திருப்பார். இதில் நான் அழ வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா? யாராவது சொல்லுங்களேன்.

ஏப்ரல் 12, சனி

போனேன். ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவள் மாதிரி.

செல்லமுத்து நாற்காலி எடுத்துப் போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. கொஞ்ச நேரம் கொடிக்காலுக்குத் தண்ணீர் பற்றாததைப் பற்றிப் பேசினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்கதானுங்க சொன்னீங்க, இருவத்தாறு மார்க்குன்னு. அப்பறம் அடுப்ப அணைக்காமப் போனா, தின்னுட்டுத் திங்கலீன்னு சொன்னா, நடிக்கறாங்கன்னுதான நெனப்பேன்? மருமவளப் பழிவாங்கறாங்கன்னு நெனச்சுட்டனுங்க. போன வாரம் கைய ஓங்கிட்டேன். பெத்தவளுங்க."

ஓங்கியதோடு நின்றதா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மயிலம்மாள் உள்ளே கட்டிலில் இருந்தார். காலில் கொப்புளம், மருந்து போட்டிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனால் நான் குனிந்து எப்படி இருக்கீங்க என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒரே மூச்சில்:

"தை மாசம், புதங்கெழம, நாமக்கல் ஜில்லா, கதவு, எருமை, மாம்பழம். சரிங்களா சாமி?"

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சரிங்க என்றேன்.

ஏப்ரல் 13

சரிங்க என்றேன். சரிங்கன்னு சொன்னேன். என்னடி பொம்பள நீ?

ஏப்ரல் 16, புதன்

குழுவுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். முடிவுகளை நம்ப முடியாது, ஒரே சொற்களைத் திரும்பத் திரும்ப வைத்தது என் தவறு, ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பிப்ரவரி 15 அன்றே அனிதா இதை என்னிடம் சொன்னாள், நான் மறைத்தேன். ஒன்றரைப் பக்கம். பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய நேர்மையான கட்டுரை இதுதான்போல.

அனுப்பியதும் மனசு லேசானது. பத்து நிமிடம்.

மே 2, வெள்ளி

பதில். மையம் சேலத்துக்கு இல்லை. துறையில் யாரும் என்னோடு பேசுவதில்லை. துணைமுதல்வர் என் அறையை மறுபடி அளந்து பார்த்தார்.

மையத்தோடு அனிதாவின் இடமும் போயிற்று. அது மட்டுமல்ல, குழுவின் முன் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்த நல்ல, கூர்மையான அம்மையார்தான் கேட்டிருக்கிறார். நான் இதை யோசிக்கவே இல்லை. என் பாவத்தைக் கழுவுகிற அவசரத்தில் அவள் தலையிலும் வாளியைக் கவிழ்த்திருக்கிறேன்.

மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்க வந்தாள். பெங்களூரில் வேறொருவரிடம், முதல் வருடத்திலிருந்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மன்னிச்சுக்கோ என்றேன்.

"நான் பொய் சொன்னது உங்களுக்காகங்க மேடம். நீங்க உண்மையைச் சொல்றப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, அவள்தான் தன் பேனாவைக் கொடுத்தாள். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

மே 8, வியாழன்

அறையைக் காலி செய்கிறேன். கீழ் டிராயரில், பழைய கருத்தரங்கப் பைகளுக்கு அடியில், ஒரு பச்சைக் கோப்பு. அனிதாவின் கையெழுத்து. போன வருடம் பிப்ரவரி தேதி. உள்ளே ஐந்து மாற்றுக் கேள்வித்தாள்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மூன்று சொற்கள். எந்தச் சொல் அந்தப் பக்கத்தில் எவ்வளவு புழங்குகிறது என்று மேட்டூரிலும் பரமத்தி வேலூரிலும் முப்பது பேரிடம் கேட்டுப் பார்த்து அட்டவணை போட்டிருக்கிறாள். மாவட்டக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: சேலம் என்று சொன்னாலும் மார்க் தரலாமா?

ஆறு மாதம் ஆகும் என்று நான் சாக்குச் சொன்ன வேலை. யாரும் கேட்காமல், மூன்று வாரத்தில் செய்து என் மேஜைமேல் வைத்திருக்கிறாள்.

மேலட்டையில் சிவப்பு மையில் என் கையெழுத்து: தேவையில்லை. பிரித்துப் பார்த்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. மறதி நோய் நிபுணர்.

மே 19

செல்லமுத்து போன். அம்மாவை நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டி மருந்து தொடங்கியாயிற்று. வாசலுக்குத் தாழ்ப்பாள் மேலே வைத்திருக்கிறார். திட்டுவதில்லை என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

ஜூன் 10, செவ்வாய்

காலை ஏழு மணி பஸ்ஸில் போனேன். தனியாகத்தான். இருநூற்றுப் பதினான்கு பேரில் இன்னும் எத்தனை மயிலம்மாள் இருக்கிறார்களோ, யாருக்கும் தெரியாது. மார்க் எல்லாருக்கும் நன்றாக இருக்கிறது. இதற்கு நிதி இல்லை, கட்டுரையும் வராது. அனிதாவின் பச்சைக் கோப்பிலிருந்து இரண்டாம் தாளை எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று சொற்களை இங்கே எழுதமாட்டேன்.

பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்ததில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. இவ்வளவு தூரத்தையா அந்தப் பெண் ஒரு வருடம் நடந்தாள்? நான் காரில் போய்ச் சமுதாயக்கூடத்தில் இறங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவள்.

முதலில் அங்காளம்மாள். கொட்டகையில் இலை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புள்ள வரலீங்களா?"

இல்லைங்க, பெங்களூருக்குப் படிக்கப் போயிருக்கிறாள், இனிமேல் நான்தான் கேட்பேன் என்றேன். அந்த அம்மாவின் கை நின்றது.

"அவளுக்குன்னுதானுங்க நாங்க சொன்னோம். உங்களுக்கு எதுக்குங்க சொல்லோணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். அதற்குள் அவரே அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

"புள்ள பாஸாயிட்டாளுங்களா?"

ஆயிட்டாங்க என்றேன். நல்ல மார்க்குங்க.

அந்த முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, பாஸாயிட்டாளாம் என்றார். இரண்டு கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் என் வாடிய முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சரி கேளுங்க என்றார்.

மூன்று சொற்களைச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிடம் வேறு பேசினோம், அனிதாவைப் பற்றித்தான். பிறகு, நான் முதலில் சொன்ன மூன்று வார்த்தை என்னங்க என்று கேட்டேன்.

உடனே கதவு என்றார். நான் தலையசைக்காததைப் பார்த்து எருமை என்றார். பிறகு நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தார். ஊருக்கே சொல்லிக் கொடுத்த பெண். நெற்றியில் வேர்த்தது. கடைசியில் என் முழங்கையைத் தொட்டு, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"ஒண்ணும் வரலீங்க சாமி. புள்ளைகிட்டச் சொல்லிராதீங்க."

பூஜ்யம் என்று எழுதினேன். தேதி போட்டேன். அனிதாவின் பேனா நன்றாக எழுதுகிறது.